எமக்கு இடம் கிடைக்குமா?

(முல்லைத்தீவு மாவட்டத்துக் கடலோரக் கிராமமொன்றின் வாசிகசாலையில், உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு.)

    

எம்மை அரசியல் மேடைக்கு அழைத்துப் பழகிய ஊர் இது. இம்முறையோ, செயலாளர் அவர்கள், “அரசியல் வேண்டாம் ஐயா, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பதைப் பிள்ளைகள் எப்படி மட்டிடுவது என்று சொல்லிவிட்டுப் போங்கள்” என்றார். சோதிடரிடம் கேட்கவேண்டியதைச் சட்டத்தரணியிடம் கேட்கின்றாரே என்று முதலில் எண்ணினோம். பின்னர் எண்ணிப் பார்த்தால், இது சோதிடமன்று. விதியும் கணக்கும் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தில் உள்ளதை வாசித்துப் பொருள் சொல்வதே எமது தொழில். ஆதலின் இசைந்தோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்றொழில் செய்யும் தந்தை ஒருவர் தம் மகளுடன் எமது அலுவலகத்துக்கு வந்தார். மகள் உயிரியற் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றவள். அவள் விரும்பியது மருத்துவம். ஆனால், முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளியை யாரோ காட்டி, “உன் புள்ளி இதற்கு எட்டாது, வீணாக ஆசைப்படாதே, நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதை முதலில் போடு” என்று அறிவுரை கூறியிருக்கின்றார். அவளும் அவ்வாறே செய்தாள். வேறொரு கற்கைநெறியை முதல் விருப்பமாகவும், மருத்துவத்தை அதற்குக் கீழேயும் குறித்தாள். அவ்வாண்டின் வெட்டுப்புள்ளிகள் வெளியாயின. அவளுடைய மாவட்டத்தில் மருத்துவத்துக்கான புள்ளி முந்திய ஆண்டைவிட இறங்கியிருந்தது. அவளுடைய புள்ளி அதற்கு மேலே நின்றது. ஆயினும் அவளுக்குக் கிடைத்தது முதல் விருப்பமாக அவள் கையாலேயே குறித்த மற்றைய கற்கைநெறி.

“ஐயா, இதுக்கு வழக்குப் போடேலாதோ?” என்று அத்தந்தை கேட்டார்.

போட இயலாது என்றோம். அவள் கேட்டதை ஆணைக்குழு கொடுத்திருக்கின்றது. கேட்டதைக் கொடுத்தவர்மீது எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடுப்பது? தந்தையும் மகளும் எழுந்து போயினர். அந்தப் பெண் கிடைத்த துறையில் நன்றாகவே கற்றாள், அதிற் குறையில்லை. ஆனால் அவளுக்கு எதிரான தீர்ப்பை எந்த அதிகாரியும் எழுதவில்லை. அதனை எழுதியவள் அவளே. எழுதத் தூண்டியது ஊராரின் மதிப்பீடு. அதுதான் எமது நெஞ்சை இன்றும் உறுத்துகின்றது.

அன்பர்களே! இந்த ஊராரின் மதிப்பீடு எங்கிருந்து பிறந்தது? அதற்கொரு வரலாறு உண்டு. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஏழையின் பிள்ளையும் பல்கலைக்கழகம் புகலாம் என்ற நம்பிக்கை குடிசைகளை எட்டியது. அந்த நம்பிக்கைமீது 1970 இல் அடி விழுந்தது. அவ்வாண்டின் அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவன் 229 புள்ளி பெற்றாற் போதும். தமிழில் எழுதியவனோ 250 பெறவேண்டும் என்றாயிற்று. ஒரே பரீட்சை, ஒரே நாடு. கோல் மட்டும் இரண்டு! அதன்பின் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அந்த ஆண்டுகளில் கதவடைக்கப்பட்ட மாணவரின் குமுறல் நியாயமானது. அதனை மறைக்கவோ மறக்கவோ நாம் இங்கு வரவில்லை.

ஆனால், அந்தக் குமுறலின் எச்சமாக ஒரு வழக்கம் எம்மிடையே தங்கிவிட்டது. “அவர்கள் எங்களை எடுக்கமாட்டார்கள்” என்ற ஒரே வாசகத்தால் எல்லாக் கணக்கையும் முடித்துவிடுகின்றோம். 1970 இல் அந்த வாசகத்துக்கு ஆதாரம் இருந்தது. இன்றைய விதியை வாசியாமல் அதையே பிள்ளையின் காதில் ஓதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதியன்றோ? ஆதலின், இன்றைய விதியை வாசிப்போம்.

மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் மூன்று வழிகளில் நிரப்பப்படுகின்றன. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி. நூற்றுக்கு 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி. எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்தவையெனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வடக்கின் ஐந்தும் உள. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய கிழக்கின் மூன்றும் உள. மலையக மக்கள் பெருந்தொகையாக வாழும் நுவரெலியாவும் பதுளையும் உள. கலைப்பிரிவின் கற்கைநெறிகள் பலவற்றுக்கு மட்டும் மாவட்டப் பேச்சில்லை. அகில இலங்கைத் திறமை வரிசை ஒன்றே.

காலத்தின் மாற்றத்தைப் பாருங்கள். எழுபதுகளில் மாவட்டப் பங்கீடு வந்தபோது, அதனால் இழந்தது யாழ்ப்பாணம். இன்று அதே யாழ்ப்பாணம் வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் நிற்கின்றது. போர் தின்ற ஆண்டுகளின் கணக்கு அது. மன்னார் மாணவனும், முல்லைத்தீவு மாணவனும், நுவரெலியாத் தோட்டத்து மாணவனும் புகும் வாயிலாகவும் இதே பங்கீடு இருக்கின்றது. இது முற்றிலும் நீதியான முறையா என்று வாதிக்க வேறொரு மேடை உண்டு. இன்று எமது கேள்வி, உங்கள் முன் உள்ள வாயில்கள் எத்தனை, அவற்றின் அகலம் எவ்வளவு என்பதே.

அடுத்தது இசட் புள்ளி. 2001 ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இதுவே அளவுகோல். இதனைக் கேட்டு மலைப்போர் பலர், மலைக்க ஒன்றுமில்லை. ஒரு பாடத்தில் நீ பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழி. மிச்சத்தை அப்பாடத்தின் நியம விலகலால் வகு. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு செய்து, கூட்டி மூன்றால் வகு. அவ்வளவே. எடுத்துக்காட்டாக, ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் 15 எனக் கொள்வோம். நீ 74 எடுத்தால் 1.6. இரண்டாம் பாடத்தில் சராசரி 40, விலகல் 20. நீ 70 எடுத்தால் 1.5. மூன்றாம் பாடத்தில் சராசரி 60, விலகல் 10. நீ 71 எடுத்தால் 1.1. மூன்றும் சேர்ந்து 4.2, மூன்றால் வகுத்தால் 1.4. அதுவே உன் இசட் புள்ளி.

இதில் ஒரு பாடம் இருக்கின்றது. இரண்டாம் பாடத்தின் 70, மூன்றாம் பாடத்தின் 71 ஐ விட மேலான இடத்தைப் பெற்றுவிட்டது. ஏன்? அந்த வினாத்தாளில் மற்றையோர் இடறினர், நீ இடறவில்லை. ஆகவே, “வினாத்தாள் கடினம், எல்லாம் போயிற்று” என்று பரீட்சை மண்டபத்து வாசலிலேயே அழுகின்ற பிள்ளை அவசரப்பட்டு அழுகின்றது. உனக்குக் கடினமென்றால் நாடெங்கும் எழுதியோர்க்கும் அது கடினமாய் இருந்திருக்கலாம். “மூன்று ஏ எடுத்துவிட்டேன், இனிக் கவலையில்லை” என்று நிமிர்ந்து நடக்கின்ற பிள்ளையும் அவசரப்படுகின்றது. ஏ என்ற எழுத்துக்குள்ளே எத்தனையோ படிகள் உள. தெரிவு நடப்பது எழுத்தைக் கொண்டன்று. நான்கு தசமதானம் வரை கணிக்கும் புள்ளியைக் கொண்டு.

இனி வெட்டுப்புள்ளிக்கு வருவோம். பலரும் தவறும் இடம் இதுதான். வெட்டுப்புள்ளி என்பது ஆணைக்குழு முன்கூட்டிக் கட்டிவைத்த மதிலன்று. அவ்வாண்டில், அம்மாவட்டத்தில், அக்கற்கைநெறிக்கு இறுதியாக எடுக்கப்பட்ட மாணவனின் புள்ளியே வெட்டுப்புள்ளி எனப் பின்னர் அச்சிடப்படுகின்றது. அது சென்ற ஆண்டில் நடந்ததைச் சொல்லும். இவ்வாண்டில் நடக்கப்போவதைச் சொல்லாது.

அதிலும் எமது மாவட்டம் போன்ற சிறிய மாவட்டங்களுக்குத் தனியான ஒரு காரணம் உண்டு. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சம். நூற்றுக்கு அரை வீதம்கூட இல்லை. ஒரு கற்கைநெறிக்கு நாடெங்கும் 1,000 இடங்கள் எனக் கொள்வோம். மாவட்டப் பங்கு 550. அதில் முல்லைத்தீவுக்கு இரண்டரை. வசதி குறைந்த மாவட்டங்களின் 50 இடங்களிலிருந்து இன்னும் ஓர் அரை. ஆக, மூன்று இடம். இதே கணக்கில் கொழும்பு மாவட்டத்துக்கு 60க்கு மேல்.

அறுபது இடம் உள்ள மாவட்டத்தில் அறுபதாவது மாணவனின் புள்ளி ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாது. மூன்றே இடம் உள்ள மாவட்டத்தில் மூன்றாவது மாணவன் யார் என்பதைப் பொறுத்து எல்லாம் ஆடும். ஓர் ஆண்டில் கெட்டிக்காரர் நால்வர் ஒருங்கே எழுதினால் ஏறும். மற்றோர் ஆண்டில் ஒருவர் அகில இலங்கைத் திறமை வரிசையிற் புகுந்து மாவட்ட இடத்தை விட்டுக்கொடுத்தால் இறங்கும். எனவே, சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து முல்லைத்தீவுப் பிள்ளை துவண்டுபோவதும் தவறு. துள்ளிக் குதிப்பதும் தவறு. ஓர் ஆண்டை மட்டும் பாராமல், கிடைக்கின்ற பல ஆண்டுகளின் புள்ளிகளையும் எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். உன் புள்ளி அந்தத் தூரத்துக்குள் விழுமாயின், “கிடைக்காது” என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை; “கிடைக்கும்” என்று சொல்லவும் ஆதாரமில்லை.

வெட்டுப்புள்ளியிலும் மேலான சாட்சி ஒன்று உங்கள் பெறுபேற்றுத் தாளிலேயே இருக்கின்றது. அதுதான் உங்கள் பிரிவில் உங்கள் மாவட்ட நிலை. அனுமதிக் கைந்நூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எத்தனை பேரை எடுக்க உத்தேசம் என்று போடப்பட்டிருக்கும். அதில் உங்கள் மாவட்டத்தின் பங்கை நாம் இப்போது செய்தவாறு கணக்கிடுங்கள். உங்களுக்கு முன்னே நிற்பவர் எத்தனை பேர், அவர்களில் திறமை வரிசையில் எடுபடக்கூடியவர் எத்தனை பேர், வேறு துறையை விரும்பக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். சிறிய மாவட்டத்தில் இதை எண்ணுவது கடினமன்று, ஒருவரையொருவர் அறிந்தவர்தானே! இதற்குப் பணம் வாங்கும் ஆலோசகர் எவரும் வேண்டா. தாளும் பென்சிலும் போதும்.

இனி, அந்தக் கடற்றொழிலாளியின் மகளுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராதிருக்க ஒரு விதியைச் சொல்வோம். நீங்கள் குறிக்கும் விருப்ப வரிசையில், உங்கள் புள்ளி எட்டுகின்ற மிக மேலான விருப்பம் எதுவோ, அதுவே உங்களுக்குத் தரப்படும். மேலே குறித்தது எட்டாவிட்டால், அதற்காக அடுத்ததில் உங்கள் உரிமை குறைவதில்லை. அடுத்ததற்கும் உங்கள் புள்ளியே பேசும். ஆகவே, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தால் மனம் விரும்பாததை மேலே போடாதீர்கள். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதை எவரும் திரும்பிப் பாரார். மனத்தின் உண்மையான வரிசை எதுவோ, அதையே தாளிலும் எழுதுங்கள். வாய்ப்பை மட்டிடுவது எதற்காக? எத்தனை விருப்பங்களைக் கீழே சேர்க்கவேண்டும் என்பதற்காகவும், கிடையாவிட்டால் என்ன செய்வது என்பதற்காகவும். மேலே உள்ளதை வெட்டிவிடுவதற்காக அன்று.

விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பவேண்டியிருப்பதால், கடையில் யாரிடமேனும் கொடுத்து நிரப்புவிக்கின்றோம். நிரப்புவது யாராயினும் ஆகட்டும். அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் நீங்களே வாசியுங்கள். கையொப்பம் இட்டவர் நீங்கள். வாசியாமல் ஒப்பமிட்டோம் என்ற வாதம் நீதிமன்றத்தில் எத்தனை முறை தோற்றது என்பதை எம்மைவிட நன்கு அறிந்தவர் இலர்! கற்கைநெறிக்கு வேண்டிய பாடங்கள் உங்களிடம் உள்ளனவா, கட்டடக்கலை போன்றவற்றுக்குரிய தனியான உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பித்தீர்களா, பொதுச் சாதாரண பரீட்சையில் வேண்டிய புள்ளி உண்டா என்பவற்றையும் கைந்நூலை வைத்துச் சரிபாருங்கள்.

கணக்குப் பிழைத்தால் கேட்க வழியுண்டா என்று இளைஞர் ஒருவர் கூட்டத்துக்கு முன்னர் கேட்டார். உண்டு. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரையும் பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தனர். மாணவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012 இல் அக்கணிப்பை நீதிமன்றம் தள்ளிற்று. மீண்டும் கணிக்கச் சொல்லிற்று. அரசின் கணக்கு பிழைத்தால் திருத்த நீதிமன்றம் உண்டு. நாமே அஞ்சி எழுதிய வரிசையைத் திருத்த நீதிமன்றம் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாவட்ட உரிமைக்குப் பிள்ளை எங்கே கற்றது, எங்கே வதிந்தது என்பதற்குச் சான்று கேட்கின்றனர். அச்சான்றுகளை இப்போதே ஒழுங்குசெய்து வையுங்கள். இடம்பெயர்ந்து பல பாடசாலைகளிற் கற்ற பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். அதேவேளை, வசதியான ஊரில் பிள்ளையைப் படிப்பித்துவிட்டுப் பின்தங்கிய மாவட்டத்தில் கள்ளமாகப் பதியும் வழக்கத்தை எவரும் கெட்டித்தனம் என்று மெச்சாதீர்கள். மூன்றே இடம் உள்ள மாவட்டத்தில் ஒரு கள்ளப் பதிவு மூன்றில் ஒரு பங்கைத் தின்கின்றது. அது தின்பது, கொட்டிலிற் படித்த எமது பிள்ளையின் இடத்தை. இரண்டு கோல் வைத்து அளந்தனர் என்று 1970 ஐக் கண்டிக்கும் நாம், எமக்குள்ளே இரண்டாம் கோலை ஒளித்து வைத்திருக்கலாமா?

இறுதியாக ஒரு கசப்பான உண்மை. 2022 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றோர் 150,000க்கு மேற்பட்டோர். ஆண்டுதோறும் எடுக்கப்படுவோரோ 45,000 பேர் அளவில். தகுதி பெற்ற மூவரில் ஒருவருக்குக்கூட இடமில்லை. ஆகவே, எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும், இங்கிருக்கும் பிள்ளைகளிற் பலருக்கு இடம் கிடையாது. அதனை இன்றே சொல்லிவிடுவது எமது கடமை. கிடையாதவன் தகுதியற்றவன் அல்லன். தகுதிபெற்றோனுக்கு நாடு இடம் அமைத்துக் கொடுக்கவில்லை; அதுவே உண்மை. அந்தக் குறையை அரசியல் மேடையில் நாம் பேசுவோம். பிள்ளையைத் திட்டித் தீர்க்கவேண்டா. இசட் புள்ளி கேளாமற் சேர்க்கும் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. கல்வியியற் கல்லூரிகள் உள. தொழில்நுட்பக் கல்லூரிகள் உள. தனியான நுழைவுப் பரீட்சைமூலம் சேர்க்கும் சட்டக் கல்லூரி உண்டு. எமது தொழிலுக்கு வர விரும்பினால் வாருங்கள், வழக்குகளுக்குப் பஞ்சமில்லை.

மாணவச் செல்வங்களே! பெறுபேறு வந்ததும் கைந்நூலை வாங்கி, முதலில் நீங்கள் வாசியுங்கள். பின்னர் தாய்தந்தையருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன்பின் ஊராரின் கருத்தைக் கேளுங்கள். இவ்வாசிகசாலையில் ஞாயிறுதோறும் மாலையில் விண்ணப்பங்களைச் சரிபார்க்க இருவர் அமர்ந்திருக்கவேண்டும் எனச் செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அவர்களில் ஒருவராக, வரக்கூடிய ஞாயிறுகளில் நாமும் வந்து அமர்வோம். அந்தக் கடற்றொழிலாளி கேட்ட கேள்வியை இவ்வூரில் இன்னொரு தந்தை எம்மிடம் கேட்கும் நிலை வரலாகாது.